முதற் பார்வையும் முழுப் பார்வையும்

தொண்டு புரியும் நோக்கத்தோடு அந்நிய நாடொன்றிலே காலடி வைக்கும் ஒருவர் முதலிற் காண்பது அந்த நாட்டை அன்று. தம் நாட்டில் உள்ளவை அங்கே இல்லாதிருப்பதையே காண்கிறார். நல்ல வீதி இல்லை, வைத்தியசாலை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை என்று அவர் வீட்டுக்கு எழுதும் முதற் கடிதத்தில் ‘இல்லை’ என்னும் சொல்லே மிகுந்திருக்கும். இது மனித இயல்பு. ஆயினும், கிறிஸ்துவின் பெயரால் தொண்டாற்றப் புறப்பட்டவருக்கு இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கொடுப்பதற்கென்று வந்தவரின் கண், கொள்பவரிடத்துக் குறையையே தேடும். குறை பெரிதாகத் தோன்றுமளவுக்குக் கொடையும் பெரிதாகத் தோன்றும்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் நமது கரையோரங்களுக்குப் பல நாட்டுத் தொண்டர்கள் வந்தார்கள். பசித்தவர்க்கு உணவும் வீடிழந்தவர்க்குக் கூரையும் அளித்த அக்கைகளை நாம் மறத்தலாகாது. நமது இளைஞர் சிலரும் இன்று வேற்று நாடுகளுக்குத் தொண்டர்களாகச் செல்கின்றனர். சில வாரங்களே தங்கித் திரும்புவோர் பலர். காலையிற் கண்ட காட்சி மாலைக்குள் படமாகக் கடல் கடந்துவிடுகிறது. முதற் பார்வையே முடிந்த தீர்ப்பாகிவிடும் இக்காலத்தில், அப்பார்வையின் பெறுமதி யாது என்று ஆராய்வது பயனுடையது. அதற்கு நான் நமது யாழ்ப்பாணத்து வரலாற்றையே உரைகல்லாகக் கொள்கிறேன்.

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தபோது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்களை எதிர்கொண்டவை, போர்த்துக்கேயர் காலத்துக் கோயில்களின் இடிந்த சுவர்கள். அவற்றைச் செப்பனிடுவதே அவர்களின் முதல் வேலைகளில் ஒன்றாயிற்று. இடிபாட்டைக் கண்ட கண்ணுக்கு நாடு முழுவதும் இடிபாடாகத் தோன்றுவது எளிது. அதே சுற்றாடலில் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. ஏடு பார்த்து மருந்து கூட்டும் பரம்பரை வைத்தியர்கள் இருந்தார்கள். இலக்கணமும் புராணமும் கற்றுவல்ல புலவர்கள் இருந்தார்கள். மொழி அறியாதவருக்கு இவை புலப்படும் வழி இல்லை.

இனி, முதற் பார்வை கடிதத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. இங்கிருந்து எழுதப்பட்டவை அமெரிக்காவில் மிஷன் சஞ்சிகையில் அச்சேறின. அங்குள்ள சபையார் உள்ளம் உருகிப் பணம் அனுப்பினர். விடுதியில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. சதாசிவம்பிள்ளை ஆணல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். தொலைவில் இருந்த ஒருவரின் இரக்கம், தமிழ்ப் பிள்ளையின் பெயரையே மாற்றும் வலிமை பெற்றிருந்தது. ஆயினும், பிற்காலத்தில் அந்த ஆணல்ட் சதாசிவம்பிள்ளையே தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து, 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் நூலாகத் தந்தார். ‘இல்லை’ என்று எழுதப்பட்ட நாட்டில் ‘உண்டு’ என்பதற்கு அந்நூலே சான்று.

இவ்வாறு கூறுவதால் முதற் பார்வை முழுவதும் பொய் என்பது என் கருத்தன்று. உள்ளூரார் கண்டு கண்டு பழகியதனால் காணாமல் விட்ட குறைகளை, புதிதாக வந்தவரின் கண் எளிதில் காணும். பெண்பிள்ளைகள் எழுத்தறியாது வளர்வது நமக்கு வழக்கமாயிருந்தது. வந்தவர்க்கு அது வழக்கமாகத் தோன்றவில்லை. அதன் பயனாக 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை எழுந்தது. அதை நிறுவிய ஹரியற் வின்சுலோ அம்மையார் 1833இல் இம்மண்ணிலேயே மறைந்தார். சாதியின் கொடுமையும் வந்தவர் கண்ணை உறுத்தியது. நம்மவர் பலரின் கண்ணை உறுத்தவில்லை. ஆதலால், அந்நியன் சொன்னான் என்பதற்காக ஒரு குறையை மறுப்பது, அந்நியன் சொன்னான் என்பதற்காக ஏற்பதைப் போன்றே பேதைமையாகும்.

முதற் பார்வையைக் கடந்து சென்றவர்களே நம் நினைவில் நிற்கிறார்கள். வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராயிருந்த ஹொய்சிங்டன், சைவத்தோடு வாதிடும் நிலையில் இருந்தவர். ஆயினும், வாதிடுவதற்கு முன் கற்க வேண்டும் என்பதை உணர்ந்து, ‘சிவஞானபோத’த்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார், அது 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. யோசேப்பு நைற் தொடங்கிய அகராதி முயற்சி, பலர் கைப்பட்டு, தமிழ்ப் பண்டிதர்களின் துணையோடு, 1862இல் வின்சுலோவின் பேரகராதியாக நிறைவெய்தியது. அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அது, ஒரு நாட்டைப் பார்த்த பார்வை முதிர்ந்து பழுத்த கனி.

இவர்களுள்ளும் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவர் மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த இவர், 1847இல் தமது இருபத்தைந்தாம் வயதளவில் இங்கு வந்தார். முதலில் அவர் மாணாக்கருக்கு வைத்தியத்தை ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றவர்களுட் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளி பழையபடியே இருந்தான். 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்தவர், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கலானார். தம் மாணாக்கர் உடையாலும் உணவாலும் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்று விரும்பினார். ஐரோப்பியராக வேடம் புனைவதை வெறுத்தார்.

கற்பிக்க நூல் வேண்டுமே. ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’, ‘மனுஷ சுகரணம்’ எனப் பெருநூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழில் வந்தன. தமிழ் மாணாக்கர் மொழிபெயர்க்க, கிறீன் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தினார். கலைச்சொல் ஆக்குவதற்கு அவர் வகுத்த நெறி இன்றும் நோக்கத்தக்கது: முதலில் தமிழிலே வழங்கும் சொல்லைத் தேடுக; கிடையாதபோது வடமொழியை நாடுக; அங்கும் கிடையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுக. முதலிலே தேடுக என்றாரே, அதுதான் பொருள். உடம்பின் உறுப்புக்களுக்கும் நோய்களுக்கும் இம்மக்களிடம் முன்னரே பெயர்கள் உண்டு என்று நம்பியவர்தாம் அவ்வாறு தேடச் சொல்வார். 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை தமிழ் நூல்களையே அவர் திருத்திக்கொண்டிருந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியர் என்னும் கருத்துடைய வாசகம் அவரது கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது.

இன்று பிறநாட்டுக்குத் தொண்டராகச் செல்லும் கிறிஸ்தவ இளைஞருக்கு நான் கூற விரும்புவது இதுவே. உங்கள் முதற் பார்வையைக் குறித்து வையுங்கள். ஆனால் தீர்ப்பாக அன்று, வினாவாகக் குறித்து வையுங்கள். ‘இங்கே வைத்தியம் இல்லை’ என்று எழுதுவதை விடுத்து, ‘இங்கே நோயுற்றவர் யாரிடம் போகிறார்?’ என்று கேளுங்கள். அதை அம்மக்களின் மொழியிற் கேளுங்கள். நீங்கள் பின்பற்றும் இயேசுவும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாசரேத்து ஊராருள் ஒருவராய், அவர்கள் பேச்சைப் பேசி, அவர்கள் தொழிலைச் செய்து வாழ்ந்த பின்னரே போதிக்கத் தொடங்கினார். சில வாரங்களில் ஒரு நாட்டுக்குப் போதித்துவிடலாம் என்பதற்கு அவருடைய வாழ்க்கையில் ஆதாரம் இல்லை.

நமக்கும் ஒரு கடமை உண்டு. கிறீன் வந்திறங்கி ஒன்றேமுக்கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் 1978இல் தோன்றியது. அங்கே கற்பிக்கும் மொழி ஆங்கிலமே. உலக அறிவோடு தொடர்புகொள்ள ஆங்கிலம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், நோயாளி தன் வருத்தத்தைச் சொல்வதும், வைத்தியர் அதை அவனுக்கு விளக்குவதும் தமிழில் அல்லவா? அத்தமிழை நம் மாணவர் எங்கே கற்கின்றனர்? மானிப்பாயில் உருவான நூல்களைப் புரட்டிப் பார்த்த வைத்தியர் எத்தனை பேர்? ‘தமிழில் இது முடியாது, தமிழில் அதற்குச் சொல் இல்லை’ என்று நாமே கூறுகின்றோம். ஒரு புதிய நாட்டிற் கப்பலை விட்டு இறங்கும் அந்நியரின் முதற் கடிதத்திற் காணப்படும் அதே ‘இல்லை’ அல்லவா இது! வந்தவர் சிலர் பதினைந்து, இருபது ஆண்டுகளில் அந்தச் சொல்லைக் கைவிட்டனர். இம்மண்ணிலேயே பிறந்த நாம் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு நியாயம் யாது? ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைச் சிந்திப்பார்களாக.