சாக்ஸபோன்: பளபளப்பைப் பார்த்து வாங்கலாமா?

1994-ல் வந்த 'டூயட்' படத்தில் பிரபு சாக்ஸபோன் வாசிப்பது போல நடித்திருப்பார். உண்மையில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, கர்நாடக இசையை அதில் கொண்டுவரப் பல வருடம் உழைத்தவர். 2019-ல் அவர் மறைந்தார். ஆனாலும் அவர் வாசித்ததைக் கேட்டு சாக்ஸபோன் ஆசை பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பொத்தேரியில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவனுக்கு அந்த ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்து வைத்த பணத்தில், தங்க நிறத்தில் மின்னும் பெயர் தெரியாத ஒரு புது சாக்ஸபோனை வாங்குகிறான். மேல் ஸ்வரங்கள் எப்படியோ வருகின்றன. கீழ் ஸ்வரங்கள் கரகரக்கின்றன, இல்லை வருவதே இல்லை. மூன்றே மாதத்தில் "நமக்கெல்லாம் இசை வராதுடா" என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறான். பாவம், பல சமயம் குற்றம் அவன் மூச்சில் இல்லை! துளைகளை மூடும் பேட் சரியாக உட்காராமல் காற்று கசிந்தால் வித்வானும் திணறத்தான் செய்வார்.

அதனால் புதிதா பழையதா என்பதல்ல முதல் கேள்வி. காற்று கசிகிறதா என்பதுதான். குழலுக்குள் சின்ன விளக்கை விட்டு, இருட்டில் கீகளை மூடிப் பார்த்தால் கசியும் இடத்தில் வெளிச்சம் தெரிந்துவிடும். வாங்கும் முன் ஆசிரியரை ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது. சரிபார்க்கப்பட்ட பழைய யமஹா ஆல்ட்டோ, பெயர் தெரியாத புதியதைவிடப் பல மடங்கு மேல்.

இன்னொன்று. உடல் பித்தளை என்றாலும், ஒலி பிறப்பது மௌத்பீஸிலும் அதில் கட்டிய ரீடிலும்தான். மிச்சமாகும் காசை அங்கே போடலாம். ஆரம்பத்தில் 2 அல்லது 2½ எண் ரீட் போதும். மூன்று நான்கு ரீடுகளை மாற்றி மாற்றி வாசித்தால் அவை அதிக நாள் உழைக்கும்.

வாங்கியதோடு வேலை முடிவதில்லை. வாசித்து முடித்ததும் ரீடைக் கழற்றித் துடைத்து வைக்க வேண்டும். குழலுக்குள் துணி விட்டு ஈரத்தை எடுக்க வேண்டும். டீயோ ஜூஸோ குடித்த வாயோடு ஊதினால் சர்க்கரை பேடில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஜி ஷார்ப் கீ திறக்க மறுக்கும். சென்னைப் புழுக்கத்தில் ஈரத்தோடு பெட்டியில் பூட்டி வைத்தால் தோல் பேட் கெட்டுப்போகும். மௌத்பீஸை வெதுவெதுப்பான நீரில் கழுவலாம், கொதிநீர் ஆகாது.

காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தேய்மானம் தெரியாததல்ல. மெஷினுக்குப் பராமரிப்புச் செலவு எழுதும் அதே கை, சாக்ஸபோனுக்கும் வருடம் ஒருமுறை சர்வீஸ் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளட்டும். அந்தச் சின்னச் செலவுக்குக் கணக்குப் பார்த்தால், நஷ்டமாவது பணம் மட்டுமல்ல. ஒருவனுடைய ஆசையும்தான்.