சத்தம் போச்சு, காற்றும் போச்சு!

என் அறைத்தோழன் தன் கணினிக்கு வாட்டர் கூலிங் போட்டான். ஃபேன்களை எல்லாம் கழற்றிவிட்டான். அறை ஒரே அமைதி. பயலுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் ஹார்ட் டிஸ்கைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. மென்பொருளில் பார்த்தால் 58 டிகிரி! பல டிஸ்குகளுக்கு 60 தான் எல்லை.

காரணம் எளிது. பழைய ஃபேன்கள் பிராசஸரை மட்டுமா குளிர்வித்தன? போகிற போக்கில் டிஸ்க் மேலும் காற்று அடித்தன. தண்ணீர் வந்ததும் அந்தக் காற்று நின்றுவிட்டது. அதிர்வுச் சத்தம் குறைய டிஸ்கை ரப்பரில் வேறு தொங்கவிட்டிருந்தான். கேபினட் தகடு வழியாக வெப்பம் இறங்கும் வழியும் அடைபட்டது.

டிஸ்குக்கும் ஒரு வாட்டர் பிளாக் வாங்கச் சொல்கிறார்கள் சிலர். தண்டச் செலவு என்பேன். அது வெளியிடும் வெப்பம் பொதுவாக 10 வாட்டுக்குள்தான். எதிரே ஒரு 120 மி.மீ. ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் போதும், காதிலேயே விழாது. ஐஸ் மாதிரி குளிரவும் வேண்டாம். கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் பெரிய தொடர்பில்லை. மிக அதிகச் சூடுதான் வம்பு.

பிராசஸர் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போனாலும் வேறு வாங்கலாம். டிஸ்கில் இருக்கும் பிராஜெக்டும் போட்டோக்களும் எந்தக் கடையில் கிடைக்கும்? அமைதி வேண்டியதுதான் நண்பர்களே, ஆனால் ஒரு ஃபேனாவது இருக்கட்டும். கூடவே ஒரு பேக்கப்பும்!