கோடு கிழிக்கும்முன் ஊரைக் கேளுங்கள்

கறம்பக்குடி பஸ் நிறுத்தத்தில் நின்றால் ஒரு பஸ் புதுக்கோட்டைக்கும், மற்றொன்று பட்டுக்கோட்டைக்கும், இன்னொன்று தஞ்சாவூருக்கும் புறப்படும். எந்த ஊருக்குப் போவது என்பதைப் பிரயாணி தீர்மானிக்கிறார். ஆனால் தம்முடைய வாக்கு எந்தத் தொகுதிக்குப் போக வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. அதை வேறொருவர், வேறோரிடத்தில், வரைபடத்தின் மீது கோடு கிழித்துத் தீர்மானித்து விடுகிறார். இந்த வட்டாரத்து மக்கள் இதை அனுபவித்து அறிந்தவர்கள்.

இது அரசியல் அறியாத பூமி அன்று. தொண்டைமான்களின் பூர்வீக ஊராகச் சொல்லப்படும் அம்புக்கோவில் கறம்பக்குடிக்கு அருகில்தான் இருக்கிறது. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1902ஆம் ஆண்டிலேயே பிரதிநிதித்துவ சபை ஏற்பட்டது. 1924இல் சட்டசபை பிறந்தது. அவற்றின் அதிகாரம் சிறிது என்பது உண்மையே. எனினும், ராஜாவின் தர்பாரிலும் குடிமக்களுக்கு ஓர் ஆசனம் வேண்டும் என்ற எண்ணம் அன்றே வேரூன்றி விட்டது. 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14 அன்று, தஞ்சை ஜில்லாவின் சில பகுதிகளையும் சேர்த்துக் கொண்டு புதுக்கோட்டை தனி ஜில்லாவாயிற்று.

1952ஆம் ஆண்டு முதல் பொதுத் தேர்தலில் புதுக்கோட்டை என்ற பெயரிலேயே ஒரு பார்லிமெண்ட் தொகுதி இருந்தது. கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வல்லத்தரசு அதில் வெற்றி பெற்றார். பிறகு காங்கிரஸ், கம்யூனிஸ்ட், தி.மு.க., அ.தி.மு.க. என்று பல கட்சிகளுக்கும் இத்தொகுதி இடம் கொடுத்தது. 1962, 1967 தேர்தல்களில் உமாநாத் வென்றார். யாருக்கும் நிரந்தரப் பட்டா எழுதிக் கொடுக்காத வாக்காளர்கள் இவர்கள். 2004ஆம் ஆண்டு வரை பதினான்கு பொதுத் தேர்தல்களைக் கண்ட அந்தத் தொகுதி, 2008இல் அமலுக்கு வந்த எல்லைச் சீரமைப்பில் மறைந்தது.

அதே சீரமைப்பில் சட்டசபைத் தொகுதிகள் ஐந்திலிருந்து ஆறாயின. குளத்தூர் போய், கந்தர்வகோட்டையும் விராலிமலையும் வந்தன. லாபம் என்றே முதலில் தோன்றும். ஆனால் அந்த ஆறும் நான்காகப் பிரிக்கப்பட்டன. கறம்பக்குடியை அடுத்த கந்தர்வகோட்டையும், புதுக்கோட்டையும் திருச்சியோடு சேர்ந்தன. ஆலங்குடியும் திருமயமும் சிவகங்கைக்குச் சென்றன. விராலிமலை கரூருக்கும் அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கும் போயின.

ஜனத்தொகைக்குத் தக்கபடி தொகுதி அமைய வேண்டும் என்பது நியாயமே. அந்த நியாயத்தைக் கொண்டே கணக்குப் பார்ப்போம். தமிழ்நாட்டில் சட்டசபைத் தொகுதிகள் 234, பார்லிமெண்ட் தொகுதிகள் 39. ஆறு சட்டசபைத் தொகுதிக்கு ஒரு பார்லிமெண்ட் தொகுதி. புதுக்கோட்டை ஜில்லாவிலும் சரியாக ஆறுதான் இருக்கின்றன! 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜில்லாவின் ஜனத்தொகை 14 லட்சத்து 59 ஆயிரத்துச் சொச்சம். ஒரு தொகுதிக்கான சராசரி சுமார் 16 லட்சம். குறைவு நூற்றுக்கு ஒன்பது அளவே. பெரியகுளம் தொகுதி மறைந்தபோது தேனி பிறந்தது; சிவகாசி மறைந்தபோது விருதுநகர் பிறந்தது. ஜில்லாத் தலைநகராகிய புதுக்கோட்டைக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

பெயர்தானே போயிற்று என்று சிலர் சொல்லலாம். பெயர் மட்டும் போகவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்த வட்டாரத்துத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. ஆண்டுக்கணக்கில் வளர்த்த மரம் ஓர் இரவில் விழுந்தது. ஒரே ஜில்லாவின் துயரத்தை டில்லியில் சொல்ல நான்கு தொகுதிகளின் வாயை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. கறம்பக்குடிக்கு இன்னும் ரயில் இல்லை. ரயில் கேட்க வேண்டிய இடம் பார்லிமெண்ட். நாலு பேருக்கும் பொதுவான காரியம் நாலு பேரில் ஒருவருக்கும் சொந்தக் காரியமாகாது என்பது நாம் அறியாததல்ல.

மக்கள் வாளாவிருக்கவில்லை. 2009 தேர்தலில் ‘49-ஓ’ விதியின்படி யாருக்கும் வாக்கில்லை என்று பதிவு செய்து எதிர்ப்பைக் காட்டினார்கள். அந்த ரோஷம் பாராட்டத்தக்கது. ஆனால் கோடு கிழித்த பிறகு எழுந்த குரல் அது. எல்லைச் சீரமைப்பு ஆணையத்தின் உத்தரவு கெஜட்டில் வெளியாகிவிட்டால் அதற்குச் சட்டத்தின் வலிமை வந்துவிடும். கோர்ட்டுக்குப் போய் மாற்றுவது எளிதன்று.

ஆகவே குரல் எழ வேண்டிய நேரம் வேறு. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, நகல் திட்டத்தை ஆணையம் முதலில் பிரசுரிக்க வேண்டும். ஆட்சேபங்களைப் பெற வேண்டும். பொது அமர்வு நடத்திக் கேட்க வேண்டும். நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் சௌகரியம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கூறியது. எந்தச் சட்டத்தின்படி மறு சீரமைப்பு வந்தாலும் இந்த உரிமைகள் குறையாமல் பார்த்துக்கொள்வது சகல கட்சிகளின் கடமை.

அந்த நாள் வரும்போது, கட்சிக் கொடிகளைச் சற்று மடக்கி வைத்துவிட்டு, ஜில்லா மக்கள் ஒரே மனுவோடு செல்லட்டும். பஞ்சாயத்துக்கள் தீர்மானம் போடட்டும். கணக்கு நம் பக்கம் இருக்கிறது; சரித்திரமும் நம் பக்கம் இருக்கிறது. வேண்டியதெல்லாம் காலத்தில் பேசுவதுதான்.