கடலடியில் ஒரு குடித்தனம்

இம்மாதம் நம் பகுதியில் ஒரு சிறு மீனின் குடும்ப வாழ்க்கையைக் காண்போம். விரலளவு நீளம், ஆரஞ்சு நிற உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள். அந்தமான் தீவுகளை ஒட்டிய பவளப் பாறைகளில் வாழும் இதற்குக் கோமாளி மீன் என்று பெயர்.

இது குடியிருப்பது கடற்சாமந்தி என்னும் உயிரினத்திடம். பூவிதழ்போல் விரிந்திருப்பவை உண்மையில் நஞ்சு பாய்ச்சும் கொம்புகள். வேறு சிறு மீன் தீண்டினால் இரையாகிவிடும். கோமாளி மீனுக்கோ உடலைப் போர்த்திய வழுவழுப்பான பசையே கவசம். குடியிருப்புக்கு வாடகையும் உண்டு. கடற்சாமந்தியைக் கடித்துத் தின்ன வரும் மீன்களை இது விரட்டுகிறது. இதன் கழிவும் அதற்கு ஊட்டமாகிறது.

ஒரு வீட்டில் ஒரு பெண், ஒரு ஆண், இளையவை சில. அனைத்திலும் பெரியது பெண், அடுத்தது ஆண். இளையவை தமக்கு மேலுள்ளதை மிஞ்சி வளர்வதில்லை, மிஞ்சினால் வெளியேற்றப்படும். பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறுகிறது! இளையவற்றுள் பெரியது ஆணாகப் பதவி உயர்கிறது. ரயில்வே அலுவலகச் சீனியாரிட்டிப் பட்டியலோடு பழகிய எனக்கு, மேலிடம் காலியாகும்வரை காத்திருக்கும் அம்மீன்களிடம் தனிப் பரிவு உண்டு. 2003-ல் வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில், மனைவியை இழந்த தந்தை மீன் மகனைத் தேடி அலைகிறது. இயற்கையிலோ அத்தந்தையே பெண்ணாகியிருக்கும்!

முட்டைகளைப் பெரும்பாலும் ஆணே துடுப்பால் விசிறிக் காக்கிறது. சுமார் ஒரு வாரத்தில், இருட்டியபின், அவை பொரிகின்றன. குஞ்சுகள் நீரோட்டத்தோடு சென்று, சில நாட்களுக்குப்பின் மணத்தைத் துணைகொண்டு வீடு தேடுகின்றன. சென்ற இடத்தில் வரிசையின் கடைசியில் நின்றே வாழ்வைத் தொடங்குகின்றன. ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இது புதிதன்று.

ஆனால், கடல்நீர் சற்று அதிகமாக வெப்பமடைந்தாலும் கடற்சாமந்தி வெளிறிவிடுகிறது. 2016-ல் தாகித்தி அருகேயுள்ள மூரியா தீவில் இவ்வாறு நேர்ந்தபோது, அங்குள்ள கோமாளி மீன்கள் முட்டையிடுவது வெகுவாகக் குறைந்தது. வீடு அழியவில்லை, வெளிறியது மட்டுமே. அதற்கே அத்தனை பாதிப்பு!

கண்ணாடித் தொட்டியில் இம்மீனை வளர்க்க விரும்பும் குழந்தைகள் நம் வீடுகளிலும் இருப்பர். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முறையை உருவாக்கியுள்ளனர். ஆகவே, வாங்க நேர்ந்தால் பண்ணையில் பிறந்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள். பாறையிலிருந்து ஒன்றைப் பிடித்துவந்தால், அங்கே ஒரு குடித்தனம் கலைகிறது.