செலவுப் பட்டியலில் கலைஞர் எங்கே?

நம் வளாகங்களில் ஆண்டுதோறும் நடக்கும் தமிழ்க் கலை நிகழ்ச்சிகளுக்குப் பல்கலைக்கழகத்திடம் நிதி கேட்டு எழுதப்படும் செயல்திட்ட அறிக்கையை, அதாவது நம் பேச்சு வழக்கில் கெர்த்தாஸ் கெர்ஜாவை, முழுதாகப் படித்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? செயலாளர் எழுதுவார், ஆலோசகர் கையெழுத்திடுவார், மாணவர் விவகாரப் பிரிவு முத்திரை குத்தும். மற்றவர்களுக்கு நிகழ்ச்சி நடந்தால் போதும்.

பேரவைப் பொறுப்பில் இருந்த காலத்திலும் அதன் பின்னரும் இத்தகைய அறிக்கைகள் பலவற்றைப் படித்துவிட்டேன். நான் முதலில் புரட்டுவது நோக்கங்கள் எழுதிய பக்கத்தை அன்று. கடைசியில் இருக்கும் செலவுப் பட்டியலைத்தான். நோக்கங்கள் பெரும்பாலும் முந்தைய ஆண்டு அறிக்கையிலிருந்து படியெடுக்கப்பட்டவை. "மெமுப்புக் செமாங்காட் பெர்பாடுவான்" என்ற தொடர் இல்லாத கெர்த்தாஸ் கெர்ஜாவை நான் இதுவரை கண்டதில்லை. சில வேளைகளில் பழைய தேதியும் பழைய தலைவர் பெயரும்கூட மாறாமல் வந்துவிடும். செலவுப் பட்டியலை மட்டும் அப்படிப் படியெடுக்க முடியாது. அதைக் கூடி உட்கார்ந்துதான் எழுதியாக வேண்டும். நம் மனத்தில் உள்ளது அங்கே வெளிப்பட்டுவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். வளாகத்தின் பெயர் வேண்டாம். தோட்டப்புறக் கலைகளை மேடையேற்றும் நிகழ்ச்சி அது. டி-சட்டை 60, தலா 22 வெள்ளி. பதாகைகள், மேடை அலங்காரம், பிரமுகர்களுக்குத் தனி உணவு, பூமாலை, நினைவுச் சின்னம் 10. தப்பு அடிக்க ஈப்போவிலிருந்து வரவேண்டிய பெரியவருக்கு என்ன என்று தேடினேன். அந்தப் பத்து நினைவுச் சின்னங்களில் ஒன்று அவருக்கு! கூடவே ஒரு பொன்னாடை. பேருந்துக் கட்டணம்கூட இல்லை. பொறுப்பாளரான தம்பியிடம் கேட்டபோது, "அவர் பணம் எதுவும் கேட்கவில்லையே, அண்ணா" என்றார். கேட்கமாட்டார்தான். டி-சட்டைக் கடைக்காரர் கேட்பார். அவருக்கு 1,320 வெள்ளி போய்ச் சேர்ந்தது.

இந்த ஒரு வரி இல்லாமையைப் பற்றித்தான் எழுத வந்தேன். பல்கலைக்கழக நிதியைக் கேட்பது நம் உரிமை, கூச்சப்படத் தேவையில்லை. ஆனால் அந்தப் பணத்தில் முதல் பங்கு கலைஞருக்குப் போக வேண்டும். போகாத நிகழ்ச்சியைக் கலை நிகழ்ச்சி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். இன்று அங்கே செம்பனை நிற்கிறது. லயங்கள் இல்லை, மாரியம்மன் கோயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. "தோட்டத்தில் கலை தானாக வளர்ந்தது, நகரத்துக்கு வந்ததும் அழிந்தது" என்று நம் மேடைப் பேச்சாளர்கள் உருகுவார்கள். தானாக ஒன்றும் வளரவில்லை. எங்கள் தோட்டத்தில் சம்பள நாளன்று ஒவ்வொரு குடும்பத்திடமிருந்தும் கோயில் கணக்குக்கு ஒரு தொகை பிடிக்கப்பட்டது. திருவிழாவுக்கு மேளக்காரர், கூத்தாடுபவர், தப்படிப்பவர் எல்லாருக்கும் அதிலிருந்து கூலி உண்டு; வேட்டி உண்டு; சாப்பாடு உண்டு. படிக்காத பாட்டன்மார் நடத்திய கோயில் கணக்கில் கலைஞருக்கு ஒரு வரி இருந்தது! தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் புந்தோங் பக்கமும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறியபோது, கலையார்வத்தோடு சேர்ந்து அந்த நிதி ஏற்பாடும் போயிற்று. ஆர்வம் போனதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். நிதி போனதை யாரும் பேசுவதில்லை. தப்படித்தவர்கள் இரவு ஜாகா வேலைக்குப் போனார்கள். வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினால் பக்கத்து வீட்டார் புகார் செய்கிற வீடமைப்புப் பகுதியில் அவர் எங்கே பயிற்சி செய்வார்?

எனவே பழைய தோட்டத்துக் கோயில் கணக்கு செய்துவந்த வேலையை இன்று செய்யக்கூடிய இடங்களில் பல்கலைக்கழகமும் ஒன்று என்பது என் வாதம். இது மிகையான ஆசை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட வேண்டும்.

மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலம். அங்கே இந்திய ஆய்வியல் துறை அமைய வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அதில் தமிழுக்கு என்ன இடம் என்பது பெரிய கேள்வியாயிற்று. சமஸ்கிருதத்தை முன்னிறுத்தும் கருத்தும் வலுவாக இருந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகக் கிளர்ச்சி செய்ததோடு நிற்காமல் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தொழிலாளர்கள் கொடுத்தார்கள். அன்று ஒரு வெள்ளி என்பது பால்மரத் தொழிலாளியின் நாட்கூலியில் கை வைக்கிற தொகை. 1956-இல் துறை அமைந்தது, தமிழோடு அமைந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்ததே இல்லை. ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் அமெரிக்க டாலர் திரட்டியதைப் பெருமையோடு பேசுகிறோம். பேசலாம், தவறில்லை. தோட்டத்து மக்கள் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, கணினியும் கடன் அட்டையும் இல்லாமல், இதைச் செய்துவிட்டார்கள். அவர்கள் பேரப் பிள்ளைகள் இன்று மாணவர் விவகாரப் பிரிவின் முகப்பில் நின்று, ஏதோ சலுகை கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்திப் பேசுவதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தத் துறைக்குத் தனிநாயகம் அடிகள் 1961-இல் வந்தார். அதற்குமுன் அவர் விரிவுரையாற்றியது இலங்கைப் பல்கலைக்கழகத்தில். அவர் விட்டு வந்த அந்தப் பேராதனை வளாகத்தில் அதே காலக்கட்டத்தில் நடந்த ஒன்று நமக்கு நல்ல பாடம். அங்கே எதிரிவீர சரச்சந்திர 1956-இல் பழைய சிங்கள நாடக மரபிலிருந்து 'மனமே' நாடகத்தைப் படைத்திருந்தார். தமிழ் விரிவுரையாளர் சு. வித்தியானந்தன் நம் கூத்து மரபின்பால் திரும்பினார். மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி, மேடைக்கேற்பச் செப்பம் செய்து, 1962-இல் 'கர்ணன் போர்', பின்னர் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டே மேடையேற்றினார். ஆடப் பழக்கியவர்கள் யார்? கிராமத்து அண்ணாவிமார். பட்டமில்லாதவர்கள் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு ஆசிரியர்களானார்கள். அந்த மேடையில் ஆடிய மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, அதே 'இராவணேசன்' நாடகத்தைத் தாமே மீண்டும் மேடைக்குக் கொண்டு வந்தார். ஓர் இரவு வந்து பொன்னாடை வாங்கிப் போகும் விருந்தினராக அண்ணாவியாரை வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? தங்கிப் பழக்கினார், அதனால் கலை மாணவர் உடம்பில் ஏறியது.

நமக்கோ தூரம்கூட இல்லை. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம். இரண்டுக்கும் சுற்றிலும் முன்னாள் தோட்டங்கள். நாட்டிலேயே மிக அதிகமான தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலமும் பேராக்தான்.

சரி, எழுதுவது எப்படி? அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

காலம் முக்கியம். அரசுப் பல்கலைக்கழகங்களின் நிதியாண்டு சனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நம் புதிய செயலவையோ பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில் பொறுப்பேற்கிறது. உற்சாகத்தோடு நவம்பரில் போய் நின்றால் "ஒதுக்கீடு முடிந்துவிட்டது" என்ற பதில்தான் கிடைக்கும். அதைப் பாகுபாடு என்று குறைபட்டுக்கொள்வதைவிட, சனவரி முதல் வாரத்தில் போய் நிற்பது பயன் தரும்.

அடுத்தது மொழி. தப்பு, கூத்து, லாவணி என்ற சொற்கள் மலாய் அதிகாரிக்கு ஒன்றும் சொல்லமாட்டா. அது அவர் குற்றமன்று. எங்கள் விண்ணப்பம் ஒன்றைப் பார்த்த அதிகாரி, "இது பண்பாடா, சமயமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, சமய நிகழ்ச்சிக்கு அந்த நிதியில் இடமில்லை. காமன் கூத்து என்று எழுதினால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வருமுன்பே அறிக்கையில் பதில் இருக்க வேண்டும். பங்சாவானைக் காட்டி விளக்கியபோது அவருக்கு எளிதில் புரிந்தது. பங்சாவானே 1870-களில் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களின் வழி பிறந்ததல்லவா? அந்தச் செய்தியைக் கேட்டு அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நம் கலையை இந்த நாட்டுக் கலை வரலாற்றில் பொருத்திக் காட்டுவதற்கு நூலகத்தில் ஒரு நாள் செலவிட வேண்டும், அவ்வளவுதான். ஒற்றுமை உணர்வை வளர்ப்போம் என்று பத்து முறை எழுதுவதைவிட அது வலிமையானது.

இனி கலைஞர் ஊதியம். "கேட்டால் வெட்டிவிடுவார்கள்" என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். வெட்டப்படுவது பட்டியலின் கடைசியில் 'லாயின்-லாயின்' என்ற தலைப்பின் கீழ்ப் பதுக்கி வைத்த தொகைதான். கலைஞருக்கான தொகையை முதல் வரியாக எழுதுங்கள். எத்தனை நாள் பயிற்சி, நாளுக்கு எத்தனை மணி நேரம், ஈப்போவிலிருந்து வர என்ன செலவு, இரவு வேலையை விட்டு வருவதால் அவருக்கு இழப்பு எவ்வளவு என்று விளக்குங்கள். பொதுவாக விலைப்பட்டியல், நிறுவனப் பதிவு என்று கேட்பார்கள். தப்படிக்கும் பெரியவரிடம் அவை இரா. சகு ஹாத்தியாகக் கொடுக்கும்போது எங்களுக்கு அடையாள அட்டை எண்ணும் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டும் போதுமானதாக இருந்தன. உங்கள் வளாகத்து விதியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டி-சட்டையை விரும்புபவர்கள் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளட்டும்.

வெளியே போய்ப் பணம் திரட்டினால் என்ன என்ற கேள்வியும் உண்டு. 1975-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பல்கலைக்கழகச் சட்டம் மாணவர் அமைப்புகள் பணம் திரட்டுவதைத் தடுத்தே வைத்திருந்தது. 2024-இல் செய்யப்பட்ட திருத்தம் அந்தக் கட்டைத் தளர்த்தியது. நல்லதுதான். ஆனால் எனக்கு ஓர் ஐயம் உண்டு. எளிதாகக் கிடைக்கும் வெளிப்பணம் அரசியல்வாதியின் பணம். அவர் வருவார், அவருக்கு மாலை, மேளம், அரை மணி நேர உரை. அதன்பின் கூத்துக்குப் பத்து நிமிடம் மிஞ்சும். அந்தப் பத்து நிமிடத்திலும் ஒலிபெருக்கிக்காரர் அவசரப்படுத்துவார். பல்கலைக்கழக நிதியில் அந்தத் தொல்லை குறைவு. ரசீது கேட்பார்கள், மாலை கேட்கமாட்டார்கள்.

எதை மேடையேற்றலாம் என்று தேடுவோருக்கு ஒன்று சொல்வேன். பத்து காஜாவுக்கு அருகில் கெல்லி மாளிகை இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கி முடிக்காமலே போனது. சுற்றுப்பயணிகளுக்கு அங்கே பேய்க் கதை சொல்கிறார்கள். கட்டியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். தொற்றுக் காய்ச்சலில் அவர்களில் பலர் மாண்டனர். அவர்கள் கேட்டதற்கிணங்க மாரியம்மன் கோயில் எழுந்தது. நன்றியாகக் கோயில் கூரைச் சிற்பங்களிடையே கெல்லிக்கும் ஓர் உருவம் வைத்தார்கள், அந்நாளைய உடையோடு! செத்தவர்களுக்கு அங்கே உருவம் இல்லை. தப்பையும் ஒப்பாரியையும் கொண்டு இதை ஒரு மணி நேர நாடகமாக்க முடியாதா? ஈப்போ வட்டாரத்தில் ஒப்பாரி தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பட்டியலில் ஒரு வரி வேண்டும்.

முன்னாள் மாணவர்களாகிய நமக்கும் இதில் வேலை உண்டு. பல்கலைக்கழகம் பணத்தைப் பெரும்பாலும் நிகழ்ச்சி முடிந்து, அறிக்கையும் ரசீதுகளும் கொடுத்த பிறகே தருகிறது. இரண்டு மாதமாகும், மூன்று மாதமும் ஆகும். அதுவரை தம்பி தங்கைகள் பி.டி.பி.டி.என். கடன் பணத்திலிருந்து முன்பணம் போடுகிறார்கள். அவர்களாலும் முடியாதபோது காத்திருக்க வைக்கப்படுபவர் கலைஞர்தான். பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு 300 வெள்ளி போட்டால் 3,000 வெள்ளி சுழல் நிதி தயார். நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே அதிலிருந்து கலைஞருக்குக் கொடுத்துவிடலாம். பல்கலைக்கழகப் பணம் வந்ததும் நிதி நிரம்பிவிடும். அடுத்த ஆண்டு செயலவைக்கும் அதுவே உதவும். கணக்கைப் பார்த்துக்கொள்ள இருவர் வேண்டும். ஒருவராக நான் இருக்கத் தயார்.