ஜீப்பில் ஏற்றிய நேரம்

2021-இல் ‘ஜெய்பீம்’ வந்தபோது ராஜாகண்ணுவைப் பற்றி நாடே பேசியது. விருத்தாசலத்துக்காரர்களுக்கு அது வெறும் படமில்லை. முதனையும் கம்மாபுரமும் நம் பக்கத்து ஊர்கள். 1993 மார்ச்சில் ஒரு வீட்டில் நகை காணாமல் போன புகாருக்காக, குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாகண்ணுவைத் தேடி முதனைக்குப் போலீஸ் வந்தது. (படத்தில் இருளர் என்று மாற்றிவிட்டார்கள்.) கம்மாபுரம் ஸ்டேஷனில் அவரை எப்படி அடித்தார்கள் என்பதை மனைவி பார்வதி நேரில் பார்த்தார். பிறகு அவரிடம் சொல்லப்பட்டது, ராஜாகண்ணு தப்பி ஓடிவிட்டார் என்று. அன்றைய திருச்சி மாவட்டத்து மீன்சுருட்டிப் பக்கம் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தவர் அவர்தான்.

மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களின் துணையோடு பார்வதி சென்னை உயர் நீதிமன்றம் போனார். வழக்கறிஞர் கே. சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டார். அந்த வகை மனுவில் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவது வழக்கமில்லை. அவசரநிலைக் காலத்தில் கேரளத்தில் போலீஸ் பிடித்துப் போய்த் திரும்பி வராத மாணவர் ராஜன் வழக்கைக் காட்டித்தான் அந்தக் கதவு திறக்கப்பட்டது. போலீஸ்காரர்கள் ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தபோது வருடம் 2006. இடையில் ஓடியது பதின்மூன்று ஆண்டுகள்.

தீர்ப்பைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது ‘தப்பி ஓடிவிட்டார்’ என்ற அந்த வாசகம். அப்படிச் சொல்லிவிட முடியும் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது? எப்போது பிடித்தோம், எங்கே வைத்தோம், எப்போது விட்டோம் என்பதற்கெல்லாம் போலீஸ் எழுதுவதுதான் கணக்கு. வேறு கணக்கு எழுத யாருமில்லை.

கைது என்று தாளில் ஏறுவதற்கு முன்னால் கழியும் மணி நேரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. ஆனால் ஸ்டேஷனில் அந்தக் கடிகாரம், ஜீப்பில் ஏற்றியபோது ஓடத் தொடங்குவதில்லை. பேனாவை எடுத்தபோதுதான் தொடங்குகிறது. நடுவில் இருப்பதற்கு ‘விசாரணை’ என்று பெயர். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாருக்கு நடந்ததும் இதே விசாரணைதான். நகை காணோம் என்று ஒரு புகார், எஃப்.ஐ.ஆர். இல்லை, கைது இல்லை. ஜூன் 28-இல் அவர் இறந்தார். ஒளிந்திருந்து ஒருவர் செல்போனில் படம் பிடித்திராவிட்டால் அதற்கும் ஒரு ‘தப்பி ஓடினார்’ வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நம் ஊர்க் கிளைச் சிறையும் இந்தக் கதைக்குள் வருகிறது. காடாம்புலியூர் முந்திரி வியாபாரி செல்வமுருகனை 2020 அக்டோபர் கடைசியில் திருட்டு வழக்கில் நெய்வேலி போலீஸ் பிடித்தது. விருத்தாசலம் கிளைச் சிறையில் இருந்தவர் நவம்பர் 4-இல் இறந்தார். அடித்ததால்தான் இறந்தார் என்றது குடும்பம். போலீஸ் மறுத்தது. விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. கணக்கில் காட்டிய நாளுக்கு முன்பே அவரைக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் முக்கியமான புகார்.

செராமிக் எஸ்டேட்டில் பொம்மைக்கு வர்ணம் பூசும் ஓர் அக்காவை எனக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் விரல் இடுக்கில் சிவப்புச் சாயம் காயாமலே வந்து நின்றார். “தம்பி, ராத்திரி பையனக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்னாங்க.” எந்த ஸ்டேஷன், யார் வந்தது, எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மணி மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது, டி.வி.யில் அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதை வைத்துச் சொன்னார். அதை ஒரு தாளில் எழுதினோம். எழுதி முடித்ததும் மெதுவாகக் கேட்டார், “இதக் குடுத்தா பையன இன்னும் அடிப்பாங்களா தம்பி?” அந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. சாயங்காலம் பையன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

முன்பெல்லாம் இப்படி யாரையாவது கொண்டுபோனால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஓடியது தபால் ஆபீசுக்கு. கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் நீதிபதிக்கும் தந்தி. அதில் விழும் நேர முத்திரையைப் போலீசால் திருத்த முடியாது. 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இன்று அந்த வேலையை மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்டும் செய்யும். ஆனால் செய்யச் சொல்லிக்கொடுக்கத் தெருவுக்கு ஒருவர் வேண்டும்.

சட்டத்தில் குறையில்லை. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைது பற்றிச் சொன்னவற்றில் பல இன்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலேயே இருக்கின்றன. கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பிடிபட்டவரும் போட வேண்டும். கைதானவர்களின் விவரத்தை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்கிறது அதன் 37-ஆவது பிரிவு. ஸ்டேஷனுக்குள் போகிறவர்கள் அந்தப் பலகையைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எங்கே என்று கேளுங்கள். கைதானவருக்காக வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் வக்கீல் கேட்டால் காசு வாங்காமல் தர வேண்டும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

மாஜிஸ்திரேட்டுகளிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 2020 ஜூனில், போலீஸ் அடித்ததில் பிறகு இறந்துபோன சாத்தான்குளத்து அப்பா ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் ரிமாண்ட் செய்வதற்கு முன் யாராவது அருகில் அழைத்து, உட்கார வைத்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டிருந்தால் போதும். எத்தனை மணிக்கு உன்னைப் பிடித்தார்கள் என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேட்டு, வந்த பதிலைத் தன் கையால் எழுதிவைப்பதற்கு எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை.

ஸ்டேஷன்களில் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆனால் அந்தப் பதிவு எப்போதும் இருக்காது. ஒரு காலத்துக்குப் பிறகு அழிந்துவிடும். அதனால் பிள்ளை அடிபட்டுத் திரும்பியிருந்தால், காயத்துக்கு அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கும் அதே நாளில், கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எஸ்.பி.க்கு ஒரு மனு எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.