தலைவிதியும் தேகாப்பியாசமும்

நமது ஊர்களில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் திடீரென்று மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால், துக்கம் விசாரிக்க வருகின்றவர்கள் முதலாவதாகச் சொல்லுவது, "அவர் தலையில் எழுதியது அவ்வளவுதான்" என்பதேயாகும். எழுபது வயதுக் கிழவர் பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிட்டாலோ, "வயதானால் அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகின்றோம். ஆனால், செத்துப்போன அந்த மனிதர் இருபது வருஷமாகக் காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவில்தான் எழுந்திருப்பார் என்பதையும், தெருக்கோடிக்குப் போவதென்றாலும் வண்டியில்லாமல் புறப்படமாட்டார் என்பதையும் பற்றி அங்கு ஒருவராவது வாய் திறப்பதில்லை. எழுதினவன் யார், எதைக் கொண்டு எழுதினான் என்று நாம் கேட்டால் நம்மை நாஸ்திகர் என்பார்கள். அது போகட்டும். எழுதியதாகச் சொல்லப்படுவதை மாற்ற முடியுமா, முடியாதா என்பதையாவது யோசித்துப் பார்ப்போம்.

லண்டன் பட்டணத்தில் மாடி வைத்த பஸ்கள் ஓடுவது பலருக்குத் தெரிந்திருக்கும். அக்காலத்தில் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு டிரைவரும் ஒரு கண்டக்டரும் இருந்தார்கள். டிரைவர் வேலை நேரம் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். ஜெரி மோரிஸ் என்னும் டாக்டரும் அவரது கூட்டாளிகளும் இப்படிப்பட்ட சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களைக் கணக்கெடுத்துப் பார்த்து, கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்கே மாரடைப்பு அதிகமாய் வருகின்றது என்றும், வந்தால் சீக்கிரத்தில் இறப்பதும் அவர்களே அதிகம் என்றும் 1953-ல் லான்செட் என்கின்ற வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுப்பவர்களையும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தபாலாபீஸ் குமாஸ்தாக்களையும் ஒத்துப் பார்த்தபோதும் அதே மாதிரிதான் இருந்தது.

ஒரே ஊர், ஒரே பஸ். இதில் டிரைவர் தலையில் எழுத ஒரு பிரம்மாவும், கண்டக்டர் தலையில் எழுத வேறொரு பிரம்மாவும் இருந்தார்களா என்று கேட்கின்றோம்.

மோரிஸ் இதோடு திருப்தியடைந்துவிடவில்லை என்பதுதான் நமக்கு மிகவும் பிடித்த விஷயம். "பருத்தவர்களே டிரைவர் வேலைக்குப் போகின்றார்களோ, அதனால்தான் சாகின்றார்களோ" என்று தம்முடைய முடிவின் மேலேயே சந்தேகப்பட்டு, அவர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் கால்சட்டையின் இடுப்பளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெருத்துத்தான் இருந்தது. ஆனாலும் ஒல்லியானவரோடு ஒல்லியானவரையும், பருத்தவரோடு பருத்தவரையும் வைத்துப் பார்த்தபோதும் கண்டக்டருக்கே ஆபத்துக் குறைவு என்று தெரிந்தது. நமது ஜோதிடர்களில் ஒருவராவது தாம் சொன்னது பொய்யாய் இருக்குமோ என்று இப்படிச் சோதித்துப் பார்த்ததுண்டா?

நிற்க, படி ஏறுவதால் நெஞ்சுக்கு என்ன லாபம் என்றால், இருதயமும் ஒரு தசைதான். தினமும் வேலை கொடுக்கக் கொடுக்க அது பலப்பட்டு, ஒரு துடிப்பில் முன்னைவிட அதிக ரத்தத்தைத் தள்ளுகின்றது. ஆகவே சும்மா இருக்கும்போது குறைவாகத் துடித்தாலே போதுமானதாகின்றது. நிமிஷத்திற்கு 75 துடிப்பு 65 ஆகக் குறைந்தால் ஒரு நாளைக்கு 14,400 துடிப்பு மிச்சம். ரத்த அழுத்தம் தணிகின்றது, ரத்தக் குழாய்கள் விறைத்துப் போவது குறைகின்றது, ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகள் எடுத்துச் செலவழிக்கின்றன.

மூளையோ உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் என்றாலும், உடல் செலவழிக்கும் பிராணவாயுவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றது. அதற்கு வேண்டியதைக் கொண்டுபோவது இதே இருதயமும் இதே குழாய்களுந்தானே? அமெரிக்காவில் 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தாரை வாரம் மூன்று நாள் நாற்பது நிமிஷம் வேகமாய் நடக்கவும், மற்றவர்களைக் கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி செய்யவும் வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, ஞாபகத்திற்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதி நடந்தவர்களுக்குச் சுமார் 2 சதவிகிதம் பெருத்தும், மற்றவர்களுக்குச் சற்றுச் சுருங்கியும் இருந்ததாக 2011-ல் வெளியிட்டார்கள். 120 பேரை வைத்து உலகத்திற்கே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் 2024-ல் லான்செட் கூட்டிய நிபுணர் குழுவும், மறதி நோய்க்கு நம்மால் தடுக்கக்கூடிய 14 காரணங்களைச் சொல்லி, அவற்றில் உடம்பை அசைக்காதிருப்பதையும் ஒன்றாக வைத்திருக்கின்றது.

மலையைச் சுற்றி வந்தேன், மார்பு லேசாயிற்று என்பவரோடு நாம் சண்டைக்குப் போவதில்லை. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் நடந்தால் யாருக்கும் லேசாகத்தான் இருக்கும். மலையில்லாத ஊரிலும், பௌர்ணமியில்லாத மற்ற நாட்களிலும் அந்தக் கால்கள் அதே வேலையைச் செய்யும் என்றுதான் சொல்லுகின்றோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிஷம். பேச்சுக் கொடுக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் வேகத்திற்கு அளவு. அவ்வளவு முடியாதவர்கள் பத்து நிமிஷம் நடந்தாலும் சும்மா இருப்பதைவிட மேல். ஆனால் நடக்கும்போது மார்பு வலித்தாலும், மூச்சு முட்டினாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவேண்டும்; நடக்கின்றோமே என்று மருந்தை நிறுத்திவிடவுங் கூடாது.

பகலெல்லாம் மண் சுமக்கின்ற தொழிலாளியைப் பார்த்து, மாலையில் ஓடு என்று சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கின்றது. அவருக்கு வேண்டியது ஓய்வும் வயிறார உணவுமாகும். நாம் சொல்லுவது உட்கார்ந்து பிழைக்கின்ற நம் போன்றவர்களுக்கும், முக்கியமாக நம் வீட்டுப் பெண்களுக்குமே. நாற்பது வயது ஸ்திரீ ஒருத்தி செருப்பு மாட்டிக்கொண்டு வேகமாய் வீதியில் நடந்தால், "எங்கே இவ்வளவு அவசரம்?" என்று கேட்கத் திண்ணைக்கு நாலு பேர் இருக்கின்றார்கள். அவர்களை மீறிப் போகலாமென்றாலோ, அடுப்பில் உலை இருக்கின்றது. சபைகளில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு எங்கே என்று கேட்கும் தோழர்கள், நாளை மாலை அரைமணி நேரம் அந்த உலையைத் தாங்கள் பார்த்துக்கொள்ளுவார்களா?